குரோமியப் பதனிடல்

பச்சைத் தோலைக் குரோமிய உப்பால் அழுகாத பொருளாக மாற்றும் முறை குரோமியப் பதனிடல் எனப்படும். பாலாற்றுப் படுகையில் உள்ள இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பிழைப்பு பெரிதும் இதை நம்பியிருக்கிறது. 2019 வரை இவை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. பதனிடும் டிரம்மிலிருந்து இறங்கும் ஈரத் தோலைத் தொழிலாளர்கள் ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அந்த நீலம் குரோமியம் என்ற உலோகம் தந்த நிறம்.

முன்பு இங்கே ஆவாரம்பட்டைதான் பதனிடும் பொருள். பட்டைச் சாற்றில் தோல் வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியம் அந்த வேலையை ஒரு நாளுக்குள் முடித்துவிடும். 1858-இல் ஜெர்மானியரான கிநாப் இதன் வேதியியலை ஆராய்ந்தார். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் இதைச் சோதித்துப் பரப்பியவர் பொறியியல் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன். 

குரோமியம் தோலுக்குள் என்ன செய்கிறது? இதை விளங்கிக்கொள்ள முதலில் தோலின் புரதமான கொலாஜனின் கட்டமைப்பு தெரிய வேண்டும். 1952-இல் சென்னைக்கு வந்த, அயர்லாந்தில் பிறந்த அறிவியலாளர் பெர்னால், அது இன்னும் தீராத புதிர் என்று ஜி. என். இராமச்சந்திரனிடம் சொன்னார். இராமச்சந்திரன் பணியாற்றிய சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் பக்கத்திலேயே, 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காரு வால் தசைநாரின் நல்ல மாதிரி அங்கிருந்து கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்த சுருள் வடிவத்தை 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். உலக அறிவியலுக்குத் தமிழ்நாடு தந்த பெரும் கொடைகளில் ஒன்று இது. அது தோல் ஆய்வின் அண்டையில் பிறந்தது என்பதை ஆம்பூர்ப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே படிக்க வேண்டும்.

மூவிணைதிறன் குரோமியம் இந்த இழைகளில் உள்ள அமிலக் கிளைகளைப் பற்றிக்கொண்டு குறுக்கே பாலம் போடுகிறது. பச்சைத் தோல் சுமார் 60 பாகை செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கிவிடும். குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும்.

இந்த அறிவு டேனரி எனப்படும் பதனிடும் ஆலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர் யெலவர்த்தி நாயுடம்மா. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும், பின்னர் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறச் சொன்னது 1972-இன் சீதாராமையா குழு. அந்த மாற்றத்துக்கான தொழில்நுட்பம் நாட்டிலேயே கிடைத்ததில் நாயுடம்மாவுக்குப் பெரும் பங்குண்டு. 1985 ஜூன் 23-இல் அயர்லாந்து அருகே ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறியபோது அவர் உயிரிழந்தார்.

வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் தோலில் ஏறும். மிச்சம் கழிவுநீரோடு போகும். பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் பாழானதற்கு இதுவும் உப்பும் காரணம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் வேரூன்றச் செய்த தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

குரோமிய வேதியியலில் தேர்ந்த தி. இராமசாமி அந்த ஆண்டுகளில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். குரோமிய மீட்பு அக்காலத்தில் டேனரிகளின் அவசரத் தேவையாயிற்று. அதன் செய்முறை எளிது: கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும், தெளிநீரை வடித்துவிட்டு, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்குப் போகலாம். பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையையும் இந்நிறுவனம் பின்னர் உருவாக்கியது.

உப்புச் சிக்கல் இன்னும் தீரவில்லை. தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு கழிவுநீரில் கரைகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த நீரை எதிர்ச் சவ்வூடுபரவலால் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்குகின்றன. கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பை விற்க வழியில்லாததால், அது கொட்டகைகளில் குவிந்து கிடக்கிறது.