தெருவும் சேரியும்: குடியிருப்புச் சொற்களின் பொருள் மாற்றம்

தெருவைச் சுட்டும் சொற்கள் ஒரு சமூகத்தின் குடியிருப்பு வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளன. ஜெர்மன் மொழியில் தெருவைக் குறிக்கும் ‘ஷ்ட்ராஸ’ என்னும் சொல், ‘பரப்பப்பட்டது’ எனப் பொருள்படும் ‘ஸ்ட்ராட்டா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கல் பாவிய உரோமானிய வழிகளே அப்பெயருக்கு அடிப்படை. அம்மொழியின் மற்றொரு சொல் ‘காஸ’. வீடுகளுக்கு இடைப்பட்ட குறுந்தெருவை அது குறிக்கும். பிராங்க்பர்ட் நகரில் 1462இல் யூதர்கள் ஒரே தெருவில் ஒதுக்கி வைக்கப்பட்டபோது அத்தெரு ‘யூடன்காஸ’ எனப்பட்டது. ஆயினும் ஒதுக்கலின் சுவடு ‘யூடன்’ என்னும் அடைமொழியில் மட்டுமே தங்கியது. ‘காஸ’ இன்றும் வியன்னாவில் இயல்பான தெருப்பெயராக வழங்குகிறது.

தமிழில் ‘சேரி’ என்னும் சொல்லின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. ‘சேர்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்றே முதலில் பொருள்பட்டது. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் உறையும் இடம் இச்சொல்லால் சுட்டப்படுகிறது.

வாலாஜாபாத்துக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால் அமைந்த உத்திரமேரூர் இதற்குத் தெளிவான சான்று தருகிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், அப்பிராமண ஊரை 12 சேரிகளாகவும் 30 குடும்புகளாகவும் பகுத்துக் குடவோலை முறையை வகுக்கின்றன. அங்குச் சேரி என்பது சபையில் இடம்பெறும் உரிமையோடு இணைந்த பிரிவாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தை ஒருபுறமும், பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் குறிக்கின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிரிவினை இங்குப் புலனாகிறது. எனினும் இழிவு இன்னும் அடைமொழியிலேயே நிற்கிறது. பிற்காலத்தில் அடைமொழி நீங்கிய பின்னரும் அதன் பொருள் சொல்லிலேயே தங்கிவிட்டது. புதுச்சேரி போன்ற ஊர்ப்பெயர்களில் மட்டும் பழம்பொருள் எஞ்சியுள்ளது.

‘சேரி’க்கு மாற்றாகப் பரவிய ‘காலனி’யும் இதே நிலையை அடைந்தது. குடியேற்றத்தைக் குறித்த அந்த அயற்சொல், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் அடையாளமாயிற்று. அதனை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நூற்றாண்டுகள் இடைவெளியில் இரு சொற்களும் ஒரே பொருளை ஏற்றமை, இழிவின் ஊற்று சொல்லில் இல்லை, குடியிருப்பின் அமைப்பில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. ஊரும் சேரியும் பிரிந்தே நிற்கும்வரை, அடுத்து வரும் பெயரும் அப்பொருளையே ஏற்கும் எனக் கருத இடமுண்டு.