கரூப் படுகை உரைக்கும் வரலாறு

எழுதப்பெற்ற ஏடுகள் சில ஆயிரம் ஆண்டுகளின் வரலாற்றையே உரைக்கும். அதற்கு முற்பட்ட காலத்தை அறிய விழைவோர் நிலத்தை நோக்குதல் வேண்டும். ஆறுகள் கொணரும் மணலும் சேறும் தாழ்ந்த நிலத்தில் படிந்து, அடுக்கின்மேல் அடுக்காய் இறுகிப் பாறையாகின்றன. குலைவுறாத அடுக்குகளில் கீழே கிடப்பது முந்தியது. மேலே கிடப்பது பிந்தியது. இவ்வெளிய விதியே நிலவியலின் அரிச்சுவடி எனலாம். இதனைக் கற்க மாணவர்கள் ஆசிரியர்களின் துணையோடு நாடிச் செல்லும் இடங்களுள் சிறந்தது தென்னாப்பிரிக்காவின் கரூப் படுகையாகும்.

'கரூ' என்பது அந்நிலத்தின் தொல்குடியினரான கொய்கொய் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். வறட்சி என்னும் பொருளுடையது. பெயருக்கேற்ப அது மழை அருகிய, மரங்கள் அருகிய, ஆடு மேய்ப்போரின் பண்ணை வீடுகள் மட்டும் தொலைவுக்கு ஒன்றாய்த் தென்படும் பரந்த வெளி. எனினும் தென்னாப்பிரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினைக் கரூப் பாறைகளே மூடியுள்ளன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 18 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நிகழ்ந்தவற்றின் பதிவு அப்பாறைகளில் இருக்கின்றது.

கல்விப் பயணம் கிம்பர்லி நகருக்கு அண்மையிலுள்ள நூய்ட்கெடாக்ட் என்னுமிடத்தில் தொடங்குவது பொருத்தமானது. அங்கே பழமையான எரிமலைப் பாறையொன்று தளம் போட்டாற்போல வழவழப்பாய்க் கிடக்கின்றது. அதன்மேல் ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்களை வழிகாட்டி சுட்டிக்காட்டுவார். கற்களைத் தன் அடியில் பற்றிக்கொண்டு நகர்ந்த பனியாறு தேய்த்த தேய்ப்பின் தழும்புகளே அவை. இன்று வெயில் கொளுத்தும் அந்நிலம் ஒரு காலத்தில் பனிப்பாளத்தின்கீழ் அழுந்திக் கிடந்தது! அதே தளத்தில் தொல்குடி மக்கள் பிற்காலத்தில் செதுக்கிய உருவங்களும் காணப்படுகின்றன. பனி எழுதிய எழுத்தும் மனிதன் எழுதிய எழுத்தும் ஒரே பலகையில் அமைந்திருப்பதைக் காணும் மாணவர், அவற்றிடையே உள்ள கால இடைவெளியை எண்ணி வியப்பர். பனியாறு விட்டுச் சென்ற கல்லும் களிமண்ணும் இறுகிய அடுக்கிற்கு 'ட்வைக்கா' என்று பெயர்.

அடுத்த பாடத்தைக் கற்கத் தெற்கே செல்லல் வேண்டும். 1830களில் கிரகாம்ஸ்டவுன் நகரிலிருந்து, போர்ட் போஃபோர்ட் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட ஊருக்கு எக்கா கணவாயின் வழியே சாலையமைத்தவர் ஆண்ட்ரூ கெடஸ் பெய்ன் என்பவர். ஸ்காத்லாந்தில் 1797ஆம் ஆண்டு பிறந்து, 1816இல் கேப் குடியேற்றத்திற்கு வந்து, குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவர் அவர். நிலவியலை அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றிலர். சார்லஸ் லயல் எழுதிய நிலவியல் நூலைப் படித்து ஆர்வம் மிகுந்து, சாலைக்காக வெட்டிய பாறைகளையே தமக்குப் பாடநூலாக்கிக்கொண்டார். 1838ஆம் ஆண்டு இரு கோரைப்பற்களை உடைய விந்தையான விலங்கொன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். இலண்டனிலிருந்த உடற்கூற்று அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அவ்வகை விலங்கிற்கு 1845இல் 'டைசினோடான்' எனப் பெயர் சூட்டினார். பெய்ன் 1852இல் வரைந்து முடித்த படமே தென்னாப்பிரிக்காவின் முதல் விரிவான நிலவியற் படமாயிற்று. ட்வைக்காவின் மேலுள்ள அடுக்கு எக்கா என்றும், அதற்கும் மேலுள்ளது போஃபோர்ட் என்றும் இன்றளவும் வழங்குகின்றன. சேணம் தைத்தவர் சாலை போட்ட எக்கா கணவாயின் பெயர் அறிவியலில் நிலைத்துவிட்டது!

எக்கா அடுக்கில் களிப்பாறையும் நிலக்கரியும் மிகுதி. அதில் நாக்கைப் போன்ற வடிவுடைய 'குளோசோப்டெரிஸ்' என்னும் தாவரத்தின் இலைகள் பதிந்துள்ளன. போஃபோர்ட் அடுக்கோ ஆற்றுச் சேறு இறுகிய பச்சை, செந்நிறப் பாறைகளால் ஆனது. பாலூட்டிகளின் முன்னோர் மரபைச் சார்ந்த விலங்குகளின் எலும்புகள் அதில் நிரம்பியுள்ளன. லூட்ஸ்பெர்க் கணவாய் போன்ற இடங்களில் மேலேறிச் செல்லச் செல்ல, பல்வகையாய் இருந்த உயிர்கள் திடுமெனக் குறைகின்றன. 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்த பேரழிவின் சான்று அது. அதற்குப் பின்னும் மிகுதியாய்க் காணப்படுவது பன்றியளவினதான 'லிஸ்ட்ரோசாரஸ்' என்னும் தாவரவுண்ணியாகும். எல்லாவற்றிற்கும் உச்சியில், 18 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பீறிட்டெழுந்த எரிமலைக் குழம்பு டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடராய் நிற்கின்றது.

இவ்வடுக்குகளை ஊன்றிக் கற்றவருள் தலையாயவர் அலெக்சாண்டர் டு டாய்ட். 1878இல் பிறந்த அவர், 1903ஆம் ஆண்டு முதல் கேப் நிலவியல் ஆணையத்தில் பணியாற்றினார். கழுதை வண்டியிலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊரூராய்ச் சென்று படம் வரைந்தார். கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்தன என ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகேனர் 1912இல் கூறிய கருத்தை அறிஞருலகம் ஏற்கவில்லை. 1926இல் நியூயார்க்கில் கூடிய அவையிலும் பலர் அதனை மறுத்தனர். கண்டங்களை நகர்த்தும் விசை யாது என்னும் வினாவிற்கு அந்நாளில் விடை இல்லை என்பதே மறுத்தோரின் வலிமையான வாதம். டு டாய்ட் வாதிடுமுன் காணச் சென்றார். 1923இல் தென்னமெரிக்காவை அடைந்து, பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் பாறைகளை ஆராய்ந்தார். கரூவில் தாம் கண்ட அதே வரிசை, பனியாற்றுப் படிவு, அதன்மேல் குளோசோப்டெரிஸ் கொண்ட அடுக்கு, உச்சியில் எரிமலைப் பாறை என, கடலுக்கு அப்பாலும் இருக்கக் கண்டார். 1927இலும் 1937இலும் அவர் வெளியிட்ட நூல்கள் இச்சான்றுகளைத் தொகுத்துரைத்தன. பின்னைய நூலை மறைந்த வெகேனரின் நினைவிற்கே உரிமையாக்கினார். எனினும் தம் கருத்து உலகால் ஏற்கப்படுவதைக் காணாமலே 1948இல் அவர் மறைந்தார்.

1960களில் கடலடித் தரையின் ஆராய்ச்சி கண்டப் பெயர்ச்சிக்கு வழியைக் காட்டிற்று. 1969இல் எட்வின் கோல்பர்ட்டின் குழுவினர் அண்டார்டிகாவில் லிஸ்ட்ரோசாரஸின் எலும்புகளைக் கண்டெடுத்தனர். மறு ஆண்டு அங்கே சென்றவர் ஜேம்ஸ் கிட்சிங். அவருடைய தந்தை கரூவில் சாலைப் பணி செய்தவர். மகனோ சிறுவயதிலேயே புதைபடிவங்களைக் கண்டெடுக்கப் பழகியவர். கரூவில் பழகிய கண்களால் பனிக்கண்டத்திலும் அதே விலங்கினங்களை அவர் இனங்கண்டார். நிலத்தில் வாழ்ந்த அவ்விலங்குகள் பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க இயலாது. நிலம்தான் பிரிந்து சென்றது.

தமிழ் மாணவர்க்கு இதில் தனித்ததொரு தொடர்புண்டு. இந்தியாவின் தால்சிர் நிலக்கரிப் பகுதியில் பனியாற்றுப் படிவு உண்டென 1856இலேயே பிளான்ஃபோர்டு உடன்பிறப்புகள் எடுத்துரைத்தனர். குளோசோப்டெரிஸும் லிஸ்ட்ரோசாரஸும் இந்தியப் பாறைகளிலும் உள்ளன. பிரிந்த அப்பெருங்கண்டத்திற்கு வழங்கும் கோண்டுவானா என்னும் பெயரே நடுவிந்தியாவின் கோண்டு மக்களால் வந்தது. இத்தகைய ஒற்றுமைகளை விளக்க முற்கால அறிஞர் கடலில் மூழ்கிய நிலங்களைக் கற்பித்தனர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உள்ள விலங்குகளின் ஒற்றுமையைக் கொண்டு 1864இல் ஸ்கிளேட்டர் கூறிய 'லெமூரியா' அத்தகையதே. கடல்கோள் பற்றிய இறையனார் களவியலுரைச் செய்தியோடு அதனைப் பிற்காலத்தார் இணைத்துக் குமரிக்கண்டம் என்றனர். ஆனால் கண்டங்கள் நகர்ந்தன என்பது தெளிவுற்றபின் லெமூரியாவிற்கு நிலவியலில் இடமில்லாது போயிற்று. கோண்டுவானா பிரியத் தொடங்கிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய மனித இனம் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே. அப்பிரிவைக் கண்டு நினைவிற்கொண்ட மனிதர் எவருமிலர்.

இவ்வாறு கூறுவது தமிழின் தொன்மையைக் குறைப்பதாகாது. கடைசிப் பனிக்காலம் முடிந்தபின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்து, உலகெங்கும் கரையோர நிலங்கள் மூழ்கியது நிலவியல் ஒப்பும் உண்மை. கடல்கோள் மரபை அதற்குரிய சான்றுகளைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். மனிதனில்லாக் காலத்துக் கண்டத்தை அதற்குத் துணையாக அழைத்தல் தகாது. கைவிடப்பட்ட கருத்தின்மேல் எழுப்பிய பெருமை, வினா எழுப்பும் முதல் மாணவன் முன்னே தளர்ந்துவிடும். மெய்ச்சான்றின்மேல் நிற்கும் பெருமையோ எவ்வினாவிற்கும் அஞ்சாது. சேணம் தைத்தவரையும் சாலைப் பணியாளரின் மகனையும் அறிஞராக்கியது கரூவின் கல். அதனைப் பொறுமையோடு நோக்கும் பழக்கத்தை வகுப்பறையில் வளர்ப்பது தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாகும்.