எல்லாருக்கும் ஒரே லாகின்

நம் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர் கேட்டார். லேப் எப்போது தொடங்கியது, யார் ரிப்பன் வெட்டினார் என்பதெல்லாம் கல்லூரி ஆண்டறிக்கைகளில் இருக்கிறது. அவற்றில் இல்லாத ஒரு சங்கதியை எழுதலாம் என்று நினைக்கிறேன். 1994-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. அது புரிய வேண்டுமானால் லாகின், பாஸ்வேர்டு, கோப்பு உரிமை இவற்றின் கதையும் கொஞ்சம் வேண்டும். இன்றைய மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய லேப் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, ரெஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனால் திருச்சி வெயிலே மறந்துபோகும் ஏ.சி. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். மூன்றில் மட்டும் பிளாப்பி டிரைவ்; மற்றவை டிஸ்க்கே இல்லாதவை. எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கேபிள் கோத்துப் போகும். யார் காலாவது கடைசி டெர்மினேட்டரில் பட்டுக் கழன்றால் பன்னிரண்டும் சேர்ந்து படுத்துவிடும். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு 486. அதுதான் சர்வர். அதில் ஓடியது நாவெல் கம்பெனியின் நெட்வேர் 3.12.

நெட்வேர் அந்தக் காலத்தில் பெரிய பெயர். சர்வரில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் தரலாம். எந்த டைரக்டரியில் யார் என்ன செய்யலாம் என்பதற்கு எட்டு உரிமைகள் உண்டு. படிக்க ஒன்று, எழுத ஒன்று, புதிதாக உண்டாக்க ஒன்று, அழிக்க ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு மாணவனுக்கு எழுதும் உரிமையைக் கொடுத்து அழிக்கும் உரிமையைக் கொடுக்காமல் விடலாம். சிஸ்கான் என்ற நீலத் திரை மெனுவில் பத்து நிமிட வேலை.

நம் லேபில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. எல்லா வகுப்புக்கும் ஒரே லாகின். பெயர் 'ஸ்டூடண்ட்'. பாஸ்வேர்டு கரும்பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதியிருக்கும். சூப்பர்வைசர் உரிமை ஒன்றைத் தவிர ஏழும் அந்த ஒரே பெயருக்கு. வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

என்னோடு எம்.சி.ஏ. படித்தவர்களில் ஒருவனை நாங்கள் 'பச்சைமலை' என்றே கூப்பிடுவோம். துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக மலையேறும் பஸ்ஸில் போய், இறங்கி, அதற்கப்புறமும் நடக்க வேண்டிய ஊர். வீட்டில் மரவள்ளியும் முந்திரியும். அவர்கள் ஊரில் முதல் பட்டதாரி அவன். ஹாஸ்டலில் தங்கி, லேப் திறக்கும் முன்பே வாசலில் நிற்பான். மூடும்வரை இருப்பான். கம்ப்யூட்டரைத் தொட அவனுக்கு வேறு இடம் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த திங்களன்று, சீனியர்களின் பிராஜெக்ட் டைரக்டரி காலியாக இருந்தது. ஐந்து மாத பாக்ஸ்புரோ வேலை. பத்து நாளில் வைவா. பிளாப்பியில் பிரதி எடுக்காதவர்கள் பாதிப் பேர். ஒரு அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன்.

நெட்வேரில் அழித்த கோப்பு உடனே போய்விடாது. சால்வேஜ் என்ற கட்டளையில் மீட்கலாம். டிஸ்க் நிரம்பியிருந்தால் மட்டும் சர்வர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிடும். எங்கள் டிஸ்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். கொஞ்சம் கோப்புகள் திரும்பி வந்தன, மிச்சம் வரவில்லை. ஆனால் சால்வேஜ் இன்னொன்றையும் காட்டும்: அழித்தவர் யார், எப்போது. சார் திரையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை 5.40. அழித்தவர்: ஸ்டூடண்ட்.

அதாவது யாரும் இல்லை; அல்லது நாங்கள் எல்லாரும்.

ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருந்ததாகக் கணக்கு வந்தது மூன்று பேர். ஒருவன் பச்சைமலை. இன்னொருவர் பெயரை எழுதப்போவதில்லை. மூன்றாமவன் நான். "எப்பப் பாத்தாலும் இங்கதானே கிடக்குற, நீதான் எதையோ நோண்டியிருப்ப" என்று சந்தேகம் அவன் மேல் போனது. எங்கள் இருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த செமஸ்டர் முழுக்க அவனுக்கு லேப் கிடையாது. கோபால் புரோகிராமைப் பேப்பரில் எழுதி, நாங்கள் யாராவது டைப் செய்து ரிசல்ட் கொண்டுபோய்க் கொடுப்போம். தப்பு வந்தால் பேப்பரிலேயே திருத்துவான்.

இந்தச் சங்கடம் நம் லேபோடு பிறந்ததில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு வந்ததே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில்தான். 1961-இல் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், ஆளுக்கு ஒரு கோப்புத் தொகுப்பு இருந்ததால் ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்தார்கள். மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய மெஷின் நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்டு கோப்பையே பிரிண்ட் எடுத்துவிட்டார்! பல வருஷம் கழித்து அவரே சொல்லித்தான் வெளியே தெரிந்தது. இன்னொரு தடவை, நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தப்போக, எடிட்டர் இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரை வைத்துக் குழப்பிவிட்டது. அன்று லாகின் செய்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதில் எல்லாருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்தது.

யூனிக்ஸ் வந்தபோது உரிமை மூன்று வட்டமானது: உடையவர், அவருடைய குழு, மற்றவர். ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க. ஒன்பதே குறிகள். லினக்ஸில் இன்றும் அதேதான். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலியையும் ஒரு தனிப் பயனராக வைத்துப் பிரிப்பதும் அந்த வழியில் வந்ததுதான். யூனிக்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் எழுதும் உரிமை வேண்டாம்; அது இருக்கும் டைரக்டரியின் மேல் இருந்தால் பொதுவாகப் போதும். வேலைக்குப் போன இடத்தில் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது. 1979-இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பாஸ்வேர்டோடு கொஞ்சம் 'உப்பு' சேர்த்து உருமாற்றி வைப்பது வழக்கமாகப் பரவியது.

அடுத்த கல்வியாண்டில் லேபுக்குப் புதிதாக ஒரு சார் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். முதல் வேலையாக 'ஸ்டூடண்ட்'டை நீக்கினார். ஏன் என்று கேட்டபோது கோயிலைத்தான் உதாரணம் சொன்னார். கைங்கரியக்காரர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து, எந்தக் கொத்துக்கு எந்த வேலை என்று ராமானுஜர் ஏற்படுத்தியதாகக் கோயிலொழுகு சொல்கிறது. "மடப்பள்ளிக்குள்ள போறவா எல்லாரும் ஸ்ரீபண்டாரத்துக்குள்ள போக முடியாது. அது அவா மேல சந்தேகம் இல்லப்பா. நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா, மடப்பள்ளிக்காரன் மேல பழி வராது பாரு" என்றார். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு டைரக்டரி. ஒரு வாரம் முணுமுணுத்தோம்.

எனக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்த நியாயம். காரணத்தை முப்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் உட்கார்ந்திருந்தது பிளாப்பி உள்ள மெஷினில். பழைய பிளாப்பி ஒன்றைக் காலி செய்ய 'டெல் ஸ்டார் டாட் ஸ்டார்' அடித்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஒய் தட்டினேன். முன்னால் இருந்த எழுத்து ஏ-யா எஃப்-ஆ என்று பார்த்ததாக நினைவில்லை. எஃப் என்றால் சர்வர். அப்போது மணி என்ன என்றும் தெரியாது. சார் திரையைத் திருப்பியபோது வாய் திறக்கவில்லை. அதன் பிறகும் திறக்கவில்லை.

என் உத்தியோக காலத்தில் சர்வர் அறைக்குள்ளேயே இருபத்தைந்து வருஷம் போயிற்று. நெட்வேர் போய் விண்டோஸ் என்.டி. வந்தது, பிறகு லினக்ஸ். 2000-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் அதன்படி நஷ்டஈடு தர வேண்டும். பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதை 2008 திருத்தம் தனிக் குற்றமாக்கியது. எங்கே போனாலும் பொது லாகினை முதல் நாளே ஒழித்துவிடுவேன். "இவன் ஒரு சந்தேகப் பிராணி" என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

மலருக்கு எழுத உட்கார்ந்ததும் பச்சைமலையின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். துறையூரில் மேல்நிலைப்பள்ளி ஆசிரியராக இருக்கிறான். கம்ப்யூட்டர்தான் சொல்லித் தருகிறானாம். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அன்னைக்கு அஞ்சரைக்கே நான் வெளிய வந்துட்டேன்டா. டீக்கடைல இருந்தேன். ரெஜிஸ்டர்ல வெளிய போன நேரம் எழுத மறந்துட்டேன். சொன்னேன், யாரும் நம்பல" என்றான்.

சந்திப்புக்கு வருவாயா என்று கேட்டேன். முதல் பஸ் கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் 5.40-க்கு உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவருக்கும் இந்த மலர் போய்ச் சேரும்.