சிவப்பு மெழுகுவர்த்தி சீக்கிரம் எரியுமா? பள்ளி மாணவர்களின் பரிசோதனையில் ஒளிந்திருக்கும் சிக்கல்!

வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு மெழுகுவர்த்திகள், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்டாப்வாட்ச். 'நிறம் மாறினால் எரியும் வேகம் மாறுமா?' என்ற இந்தப் பரிசோதனை, பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு ரொம்பவே ஏற்றது. செலவும் குறைவு. ஆனா ஒரு சிக்கல். நான்கையும் கொளுத்தினால் ஏதோ ஒரு நிறம் எப்படியும் முதலில் வந்துவிடும். அதையே முடிவாக சார்ட்டில் எழுதிவிடத் தோன்றும். உண்மையில் ஜெயித்தது நிறம்தானா?

எரிவது எது?

திரிதான் எரியுது, மெழுகு சும்மா உருகி வழியுது என்று பலர் நினைப்பதுண்டு. எரிவது மெழுகின் ஆவி. சுடரின் சூட்டில் மெழுகு உருகும். சாதாரண பாரஃபின் மெழுகு உருக சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். தண்ணீரில் நனைத்த துணியின் நுனி வழியே ஈரம் மேலே ஏறுகிற மாதிரி, உருகிய மெழுகு பருத்தித் திரியில் ஏறி, ஆவியாகி, ஆக்ஸிஜனுடன் சேர்ந்து எரியும்.

அப்புறம் மெழுகு எங்கே போனது? கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக மைக்கேல் ஃபாரடே நடத்திய 6 விரிவுரைகளுமே மெழுகுவர்த்தி பற்றியவைதான். எரியும் சுடரிலிருந்து தண்ணீர் சொட்டுவதை அதில் அவர் செய்தே காட்டினார்.

நிறத்துக்கு இங்கே என்ன வேலை?

கறுப்பு நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சும்; அதனால் அடர் நிற மெழுகுவர்த்தி சீக்கிரம் தீரும் என்பது மாணவர்கள் சொல்லக்கூடிய கருதுகோள். தப்பான யோசனை இல்லை. ஆனால் மெழுகு கொஞ்சம் கூடுதலாக உருகினாலும், திரி மேலே ஏற்றும் அளவுதான் எரியும். மீதி குட்டையாகத் தேங்கி நிற்கும்.

அதனால் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை திரியின் தடிமன், அதன் பின்னல், மெழுகின் வகை, பிறகு காற்று. மெழுகில் கரையும் சாயத்தைக் கொஞ்சமாகச் சேர்த்தால் பெரிய வித்தியாசம் வராது. கரையாத நிறமித் தூள் என்றால் கதை வேறு. அந்தத் துகள்கள் திரியை அடைத்துக்கொள்ளும். சுடர் சிறுத்து, எரிவது மெதுவாகும். அப்போ காரணம் 'சிவப்பு' இல்லீங்க, சிவப்புக்காகக் கலந்த பொருள்.

எப்படிச் செய்தால் நம்பலாம்?

உயரத்தை ஸ்கேலில் அளப்பதைவிட எடை பார்ப்பதே நல்லது. வழிந்த மெழுகும் கணக்கில் வரும்படி, தட்டோடு சேர்த்து எடை போடுங்க. சின்ன மெழுகுவர்த்தி மணிக்குச் சில கிராம்தான் குறையும். 1 கிராம் வரை மட்டுமே காட்டும் சமையலறைத் தராசில் அரை மணி நேர வித்தியாசம் சரியாகத் தெரியாது. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரமாவது எரிய விட வேண்டும்.

ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதிரி திரி. ஃபேன் ஆஃப். ஒன்றின் சூடு இன்னொன்றைத் தாக்காதபடி இடைவெளி. முதல் 15 நிமிடத்தை விட்டுவிட்டு, சுடர் நிதானமான பிறகு அளக்கத் தொடங்கலாம்.

முக்கியமாக, ஒரு நிறத்துக்கு ஒன்று போதாது. குறைந்தது மூன்று வேண்டும். உதாரணத்துக்கு, மூன்று வெள்ளைகளுக்குள்ளேயே 0.5 கிராம் வித்தியாசம் வருது, வெள்ளைக்கும் சிவப்புக்கும் 0.3 கிராம்தான் வித்தியாசம் என்றால், சிவப்பு ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. 'வித்தியாசம் இல்லை' என்பதும் முழுமையான முடிவுதான். அதற்கு மார்க் குறைக்கும் ஆசிரியர்தான் பரிசோதனையைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்.

இன்னொரு விஷயம். சிவப்பு மெழுகிலும் சுடர் மஞ்சளாகவே இருக்கும். அது சுடருக்குள் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களின் வெளிச்சம். சாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செய்யும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். தலைமுடி, துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளுங்க. தட்டில் தேங்கிய மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூடான மெழுகு தெறிக்கும். இரும்பு மூடியோ மணலோ போட்டு மூடினாலே தீ அணைந்துவிடும்.