சிங்கப்பூரின் பழைய கரை



பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் ஆசியாவின் நிலப்படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மலேயாத் தீபகற்பத்தின் தென்கோடியில் கோலின் முனையை வைத்து, "இது சிங்கப்பூர்" என்றேன். கோல்முனை அந்தத் தீவு முழுவதையும் மறைத்துவிட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அது ஊரா, நாடா?" என்று வினவினான். "இரண்டுந்தான், உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று வேறொன்றும் சொன்னேன். 1819-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் என்னும் ஆங்கிலேயர் வந்து இறங்கும்வரை அத்தீவு வெறுங்காடு என்றும், அந்நகரைத் தோற்றுவித்தவர் அவர் ஒருவரே என்றும் சொன்னேன். ஆண்டுதோறும் இதையே கற்பித்தேன்; இவ்வாறு எழுதிய விடைத்தாள்களுக்கு முழு மதிப்பெண்ணும் வழங்கினேன். ஓய்வு பெற்ற பின்னர்ச் சில நூல்களைப் படித்தும், அவ்வூரை நேரிற் சென்று கண்டும் என் பாடத்தில் இருந்த பிழையை உணர்ந்தேன். அம்மாணவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையையும், தவறாகச் சொன்ன விடையின் திருத்தத்தையும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் பூகோளம். சிங்கப்பூர், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தலைமைத் தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்குத் தெற்காக 27 கிலோமீட்டர் அளவினது. சுற்றிலும் சிறு தீவுகள் பல உண்டு. புக்கித் தீமா என்னும் குன்றே நாட்டில் மிக உயர்ந்த இடம். அதன் உயரம் 164 மீட்டருக்குள் அடங்கும். நம் ஊர்களில் அதனைக் கரடு என்போமேயன்றி மலை என்று சொல்லமாட்டோம். 1960-களில் நாட்டின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். இப்போது 730-க்கும் மேல். நாடு எவ்வாறு வளரும் என்று நீங்கள் கேட்கலாம். குன்றுகளை வெட்டியும், பிற நாடுகளிலிருந்து மணலை வாங்கியும், கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். எனவே, அம்மாணவன் கேட்டது நியாயமான கேள்வியே.

அந்நாட்டில் நமக்கு வியப்பூட்டுவது தண்ணீர் நிலைமை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் அங்கே மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது 1,400 மில்லிமீட்டர் அளவே. அவ்வளவு மழை பெய்தும் அந்நாட்டுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு. பெய்யும் மழையைத் தேக்கி வைக்கப் பரந்த நிலம் இல்லை. பெரிய ஆறும் இல்லை. ஆதலால் வடக்கே உள்ள ஜொகூரிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வருகிறது. 1962-இல் செய்த ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம். அவ்வொப்பந்தம் 2061-ஆம் ஆண்டில் முடிவுறும். அதற்குள் தம் காலில் நிற்க வேண்டும் என்பதற்காக, கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையை 2003 முதல் நடத்தி வருகின்றனர்; 2008-இல் மரினா வளைகுடாவின் வாயில் அணை கட்டி, நகரின் நடுவிலேயே நன்னீர் ஏரி ஒன்றை உண்டாக்கினர்.

இனி மக்கள் தொகை. 1824-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்தோர் 10,683 பேர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2024-இல், அத்தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. இவர்களில் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டினர். குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக உள்ளவர்களுள் நூற்றுக்கு 74 பேர் சீனர். 13 அல்லது 14 பேர் மலாய்க்காரர். 9 பேர் இந்திய வழியினர். மலாய் மொழி தேசிய மொழி. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சி மொழிகள். அந்நாட்டு நாணயத்தில் நாட்டின் பெயர் நம் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழருக்கு இந்தத் தகுதி எவ்வாறு வந்தது என்பதை அறியச் சரித்திரத்துக்குள் புகவேண்டும்.

ராபிள்ஸ் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அத்தீவில் ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. அதன் பெயர் தெமாசிக். 1365-ஆம் ஆண்டைச் சேர்ந்த நகரகிருதாகமம் என்னும் ஜாவா நூல் அதனைக் குறிப்பிடுகிறது. வாங் தாயுவான் என்னும் சீன வணிகர், அங்கே சீனர்கள் உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்ததை எழுதி வைத்தார். பாலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசன் ஒருவன் கரையில் ஒரு விலங்கைக் கண்டு, அதனைச் சிங்கம் எனக் கருதிச் சிங்கபுரம் என்று பெயரிட்டான் என்பது மலாய் மக்களின் பழங்கதை. அத்தீவில் சிங்கம் என்றும் வாழ்ந்ததில்லை, புலிதான் இருந்தது. கதை கிடக்கட்டும். கானிங் கோட்டைக் குன்றில் 1928-ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது பொன் அணிகள் சில கிடைத்தன. 1984 முதல் நடந்த அகழாய்வில் 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. வெறுங்காட்டில் பீங்கானுக்கு என்ன வேலை? சோழர் கடாரம் கொண்ட செய்தியோடு இத்தீவையும் சேர்த்துப் பெருமை பேசுவோர் நம்மிடையே உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. மாணவர்கள் தேர்வில் அதனை எழுதவேண்டா.

1819 ஜனவரியில் ராபிள்ஸ் வந்தபோது பழைய பட்டினம் மறைந்து, தெமெங்கோங் என்னும் மலாய்த் தலைவரின் ஆட்சியில் சிறிய குடியிருப்பு ஒன்று இருந்தது. பிப்ரவரி 6-ஆம் நாள் அவரோடும் சுல்தான் உசேனோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கால் ஊன்றியது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல் வழி குறுகும் முனையைத் தேர்ந்ததும், வரியில்லாத் துறைமுகமாக அதனை அறிவித்ததும் ராபிள்ஸின் கூரறிவைக் காட்டும். அதனை மறுப்பார் இல்லை. ஆனால் நகரத்தைக் கட்டிய கைகள் யாருடையவை?

அதே ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் மீண்டும் வந்தபோது, அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். வீடு கட்டச் செங்கல் இல்லாததைக் கண்டு, தீவில் செங்கற்சூளை வைத்தார். அவர் முன்னின்று 1827-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் விளங்குகிறது. தொடக்கத்தில் அது மரமும் கீற்றும் கொண்டு அமைந்த எளிய கோயிலே.

பாடநூல்கள் பெரிதும் பேசாத மற்றொரு கூட்டத்தினரும் உண்டு. 1825 ஏப்ரலில் பெங்கூலனிலிருந்து கப்பல் ஒன்று 80 கைதிகளை இறக்கியது. அவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அடுத்து வங்காளத்துக் கைதிகள் வந்தார்கள். 1873 வரை ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகள் அங்கே உழைத்தனர். காட்டை வெட்டிச் சாலை போட்டனர், சதுப்பைத் தூர்த்தனர், கல் உடைத்தனர். அவர்களுள் நன்னடத்தை உடையோரையே மற்றவர்களுக்குக் காவலராக்கினார்கள். இன்று நாட்டுத் தலைவரின் அதிகாரபூர்வ இல்லமாக உள்ள இஸ்தானா மாளிகை 1867-க்கும் 1869-க்கும் இடையே அவர்கள் கட்டியது.

புனித ஆண்டுரூ பேராலயமும் அவர்கள் கைவேலைதான். 1856-இல் அடிக்கல் நாட்டிய அவ்வாலயத்தின் வெண்சுவரைப் பயணிகள் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். அச்சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்பும், முட்டையின் வெண்கருவும், நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டவர்களுக்கு அந்த வழவழப்பு புதிதன்று. அச்சுவரின் முன் நின்றபோது, குற்றவாளி என்று இங்கிருந்து அனுப்பப்பட்ட எவனோ ஒருவன் தன் தாத்தாவிடம் கற்ற தொழிலை அங்கே செய்திருப்பான் என்று எண்ணினேன். அவன் பெயர் அங்கே எழுதப்படவில்லை.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்குச் சென்றேன். வரலாறு பயிலும் மாணவர் எவரும் அங்கே செல்லாமல் திரும்பலாகாது. ஒரே தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டிய தர்கா. அவர்களே 1827-இல் குடிசையாகத் தொடங்கிய பள்ளிவாசல். 1842-இல் முடிந்த சீனரின் தியான் ஹோக் கெங் கோயில். குடிசையாக இருந்த அப்பள்ளிவாசலைக் 'குச்சுப் பள்ளி' என்றே மக்கள் வழங்கினர். எல்லாம் ஏன் ஒரே தெருவில்? அத்தெருதான் அக்காலத்துக் கடற்கரை. புயலுக்கும் கொள்ளையருக்கும் தப்பி வந்தவன், சீனனாயினும் நாகூரானாயினும், கரையில் கால் வைத்ததும் முதலில் கைகூப்பிய இடம் அது. இப்பொழுது அங்கே கடல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கடலைத் தூர்த்துக்கொண்டே போனதால், தெருவின் முன்னே அலைக்கு மாறாக வானளாவிய வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. பரப்பு வளர்ந்தது என்று முன்பு சொன்னேனே, அதன் பொருள் எனக்கு அத்தெருவில்தான் விளங்கிற்று.

1859-இல் தோன்றிய தாவரத் தோட்டம் 2015 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளது. பயணிகள் அங்கே ஆர்க்கிட் மலர்களைக் காணச் செல்கிறார்கள். நான் தேடிச் சென்றது ரப்பரின் கதையை. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் அங்கு வந்தன. 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் மலேயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்ய நம் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தார்கள். தண்ணீர்க் குழாயும் அதனோடு போயிற்று. பிப்ரவரி 15-இல் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபர் 21-இல் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்ததும் அந்நகரில்தான். 1959-இல் தன்னாட்சி பெற்று, 1963-இல் மலேசியாவோடு இணைந்து, 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனி நாடாகப் பிரிந்தது. பிரிவை அறிவித்த பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார். விடுதலை பெற்ற நாளில் தலைவர் அழுத நாடு வேறு உண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்நாட்டு மாணவர்கள் இன்றும் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966-இல் வரைந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம்; அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரும் அவரே.

மற்றக் காட்சிகளைப் பயண நூல்கள் விரிவாகக் கூறும். முன்பு பிளாக்காங் மாத்தி எனப்பட்டு 1972-இல் பெயர் மாறிய செந்தோசாத் தீவும், 1973-இல் திறந்த விலங்குக் காட்சிசாலையும், 2012-இல் திறந்த வளைகுடாப் பூந்தோட்டமும் காணத்தக்கவையே. எல்லோரும் தவறாமல் நின்று படம் எடுத்துக்கொள்வது ஆற்று முகத்துவாரத்தை அடுத்துள்ள மெர்லயன் சிலையின் முன். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அவ்வுருவம் 1964-இல் சுற்றுலாத் துறைக்காகக் கற்பனை செய்யப்பட்டது. சிலை 1972-இல் எழுந்தது. அதனைப் பழஞ்சின்னம் என்று கருதுவோர் பலர்.

உண்மையான பழஞ்சின்னமும் அந்த முகத்துவாரத்தில்தான் இருந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள பாறை ஒன்றில் ஐம்பது வரியளவில் கல்வெட்டு இருந்ததைக் காடு வெட்டியவர்கள் கண்டனர். 1843-இல் அங்கிருந்த கோட்டையை விரிவாக்குவதற்காக அப்பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி சிதறிய துண்டுகளுள் சிலவற்றைத் தேடி எடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர்த் திரும்பி வந்த ஒரு துண்டு இப்போது தேசிய அரும்பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. பழைய ஜாவா மொழி என்பாரும் வடமொழி என்பாரும் உளர். முழுதும் படித்தவர் எவரும் இலர். கண்ணாடிப் பெட்டிக்கு முன் கால்மணி நேரம் நின்றேன். பள்ளிச் சீருடை அணிந்த சிறுவர் சிலர் வந்து, அதனைப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் அவ்வெழுத்துகளை வரைந்துகொண்டு போனார்கள்.