குமரி மணலும் கடுங்குளிரின் வரலாறும்

கன்னியாகுமரிக்குச் சென்று திரும்புவோர் வாங்கிவரும் பொருள்களில் சங்குமாலைக்கும் பாசிமணிக்கும் அடுத்தபடியாக ஒரு சிறு மணற்பொட்டலமும் இருப்பதுண்டு. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிற மணல்கள் அதில் இருக்கும். அவற்றுக்கு நம்மிடம் ஒரு கதையும் உண்டு. குமரியை மணம்புரியச் சுசீந்திரத்திலிருந்து தாணுமாலயன் புறப்பட்டு வருகையில் நாரதர் சேவலாகக் கூவினார். முகூர்த்தம் தப்பியது என்றெண்ணி மணமகன் வழியிலேயே திரும்பிவிட்டார். விருந்துக்கென வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாயின.

அறிவியல் அம்மணலுக்கு வேறு பெயர்களைச் சூட்டியது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், தேன்மஞ்சள் நிறத்தில் மின்னுவது மோனசைட். இவற்றுள் மோனசைட்டுக்கு, இயற்பியல் கண்ட மிகக் கடுமையான குளிரின் வரலாற்றிலும், அக்குளிரைக் கருவியாகக் கொண்டு எழுந்த உயர் ஆற்றல் இயற்பியலின் வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. நாம் இங்கே பேச முனைவது அந்த உறவைப் பற்றி. கூடவே, எது குறித்துவைக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதைப் பற்றியும்.

தொடங்குமுன் ஒரு திருத்தம். ஆய்வாளர்கள் நாஞ்சில்நாடு என்று சொல்வது தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை. கருமணலுக்குப் பேர்போன மணவாளக்குறிச்சி கல்குளம் வட்டத்து ஊர். இன்றைய பேச்சுவழக்கில் உள்ள விரிந்த பொருளிலேயே நாஞ்சில்நாடு என்னும் சொல்லை இக்கட்டுரையில் கையாள்கிறோம்.

* * *

ஆஸ்திரிய வேதியியலாளரான கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக், எரிவாயு விளக்குக்கான வலையை 1880களில் உருவாக்கினார். 1891இல் அவர் கண்டறிந்த கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது. நம் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு மேடையின் ஓரத்தில் சீறிக்கொண்டிருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ‘மேன்டில்’ அதன் வழிவந்ததே. ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் இவ்வலைகளால் ஒளிபெற்றதும் தோரியத்தின் தேவை பெருகியது. தோரியத்துக்கு மூலம் மோனசைட். பிரேசிலும் அமெரிக்காவின் கரோலினாவும் அதை விற்றுவந்தன.

1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டை அடையாளம் கண்டார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவரை இக்கரைக்கு இழுத்துவந்தது என்று சொல்லப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. நம் கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 விழுக்காடு. பிரேசில் மணலைவிட இது வளமானது. முதல் உலகப்போர் மூண்டதும் தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. விளக்குவலையின் காலம் முடிந்தபின் அணுவின் காலம் வந்தது. 1947இல் திருவிதாங்கூரைத் தனிநாடாக அறிவிக்க முயன்ற திவான் சி.பி. ராமசாமி ஐயரின் கையில் இருந்த பேரப்பொருள்களுள் இம்மணலும் ஒன்று. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது. மணவாளக்குறிச்சி ஆலை பின்னர் அதன் கீழ் வந்தது.

மணலின் வணிகவரலாறு இவ்வளவே. நமக்கு வேண்டியது அதனுள் அடைபட்டிருந்த காற்றின் வரலாறு.

* * *

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அறிஞர்கள் இந்தியாவுக்கு வந்தனர். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் முகாமிட்டார். மதராஸ் வான் ஆய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து கண்டார். சூரியனின் நிறமாலையில் சோடியத்தின் கோட்டுக்கு அருகே ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் அக்கோட்டை அளந்து ஆராய்ந்த லாக்யர், அது பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்குரியது என்ற முடிவுக்கு வந்தார். சூரியனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார்.

கல்லுக்குள் இந்தக் காற்று எப்படிப் புகுந்தது? தோரியம் அணு தானே சிதைந்து, ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்து, படிப்படியாக ஈயமாகிறது. ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கருவே. ஒரு தோரியம் அணு ஈயமாகி முடிவதற்குள் ஆறு ஹீலியம் அணுக்கள் பிறக்கின்றன. தோரியத்தின் அரைவாழ்வு சுமார் 1400 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதுக்கு ஏறக்குறைய நிகர். அவ்வளவு பொறுமையோடு பிறந்த ஹீலியம் மோனசைட் மணியின் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. மணலைச் சுட்டால் அது வெளிவரும்.

ஹாலந்தின் லெய்டன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஒன்னஸ் இதைத்தான் செய்தார். எல்லா வாயுக்களும் திரவமாக்கப்பட்டுவிட்ட நிலையில் ஹீலியம் ஒன்றே அடங்காமல் நின்றது. அதைத் திரவமாக்க நூற்றுக்கணக்கான லிட்டர் ஹீலியம் வேண்டும். அது அன்று கிடைத்தற்கரிய பொருள். ஆம்ஸ்டர்டாமில் வணிகத் தகவல் அலுவலகத்தை நடத்திய அவருடைய தம்பி, மோனசைட் மணலைப் பெருமளவில் வரவழைத்துக் கொடுத்தார். 1908 ஜூலை 10 அன்று, பகல் முழுவதும் நீண்ட பரிசோதனையின் முடிவில், சுமார் 60 கன சென்டிமீட்டர் திரவ ஹீலியம் கண்ணாடிக் குடுவையில் தெரிந்தது. வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்.

அம்மணல் நம்முடையதாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மனம் அவாவுகிறது. ஆனால் அது வட கரோலினாவிலிருந்து சென்ற மணல். ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டது அதற்கு அடுத்த ஆண்டு. எல்லாம் நம்மிடமிருந்தே சென்றது என்று மார்தட்டும் கட்டுரைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை; அவற்றின் எண்ணிக்கையைக் கூட்ட நாம் விரும்பவில்லை. உறவு மணியளவில்தான்: அதே கனிமம், அதே சிதைவு, அதே காற்று.

* * *

1911இல் ஒன்னஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது அதன் மின்தடை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மீக்கடத்துத்திறன் கண்டறியப்பட்ட கதை இது. நெடுங்காலம் இக்கண்டுபிடிப்பின் சரியான நாள் எது என்பதில் குழப்பம் நிலவியது. ஒன்னஸ் பென்சிலால் கிறுக்கலாக எழுதிய குறிப்பேடுகளை ஒரு நூற்றாண்டு கழித்துப் பொறுமையாகப் படித்தவர்கள், அது ஏப்ரல் 8 என நிறுவினர். அளவீட்டில் மின்தடைக் கருவியின் முன் அமர்ந்திருந்தவர் கில்ஸ் ஹோல்ஸ்ட் என்னும் இளைஞர். ஆனால் வெளிவந்த கட்டுரையில் ஆசிரியராக நின்ற பெயர் ஒன்னஸ் மட்டுமே. 1913இல் நோபல் பரிசும் அவருக்கே.

அந்த மீக்கடத்திகளே இன்று உயர் ஆற்றல் இயற்பியலின் முதுகெலும்பு. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுமையத்தின் பெரும் துகள்மோதி 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் புரோட்டான்களை வளைத்துப் பிடிக்க 1232 இருமுனைக் காந்தங்கள் உள்ளன. அவற்றின் கம்பிச்சுருள்கள் மைனஸ் 271 டிகிரிக்கும் கீழே, விண்வெளியைவிடக் குளிரான நிலையில், நூறு டன்னுக்கும் மேற்பட்ட ஹீலியத்தால் காக்கப்படுகின்றன. இன்று ஹீலியம் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து வருகிறது. அதுவும் பாறைகளுக்குள் தோரியமும் யுரேனியமும் சிதைந்து விட்டுச்சென்றதே. அந்தக் குளிரின் நடுவே ஈய அணுக்கருக்கள் மோதும் புள்ளியில் எழும் வெப்பமோ சூரியனின் மையத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். காந்தங்களை நுட்பமாக நிலைநிறுத்தும் தாங்கிகள் ஆறாயிரத்துக்கும் அதிகமாக இந்தியாவிலிருந்து சென்றன.

2008 செப்டம்பர் 19 அன்று, இயந்திரம் ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள், இரு காந்தங்களுக்கு இடைப்பட்ட ஒரு மின்னிணைப்பு பழுதுற்று, பல டன் ஹீலியம் சுரங்கத்துள் பீறிட்டது. 53 காந்தங்களைச் செப்பனிடவோ மாற்றவோ வேண்டியதாயிற்று. விபத்து எவ்வாறு நேர்ந்தது என்ற அறிக்கையை ஒரு மாதத்துக்குள் பொதுவில் வைத்தார்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டது. 2015இல் அத்துகளின் நிறையைக் குறித்து வெளியான கட்டுரையில் 5154 ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன. பெயர்ப்பட்டியல் கட்டுரையைவிட நீளமானது. ஹோல்ஸ்டின் பெயர் விடுபட்ட 1911ஐயும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு துறை தன்னைத் தானே எவ்வளவு மாற்றிக்கொண்டது என்பது விளங்கும்.

* * *

அம்மாற்றத்துக்கு ஒரு கருவியும் தேவைப்பட்டது. செர்னில் ஆயிரக்கணக்கானோர் பணிபுரிந்தனர். பெரும்பாலோர் இரண்டொரு ஆண்டுகளில் ஊர் திரும்புவர். அவர்களோடு அவர்கள் அறிந்ததும் போய்விடும். எந்தக் கருவியை யார் அமைத்தார், ஏன் அவ்வாறு அமைத்தார் என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ தம் மேலாளருக்கு அளித்த திட்டவரைவு இந்த மறதிக்கு மருந்து தேடியது. ஆவணங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வலை அவர் முன்வைத்த தீர்வு. வையவிரிவலை பிறந்தது இப்படித்தான். ஒரு நிறுவனம் தன் நினைவைக் காத்துக்கொள்ளக் கண்ட வழியே, இன்று நாம் எழுதவும் நீங்கள் படிக்கவும் வாய்த்திருக்கும் இந்த வெளி. உயர் ஆற்றல் இயற்பியலாளர்கள் தம் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே எல்லோர்க்கும் திறந்துவைக்கும் மின்காப்பகத்தை 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் தொடங்கினார். 1993 ஏப்ரல் 30 அன்று, வலையின் நிரல்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் எழுதிக்கொடுத்தது.

அதே 1993இன் ஜூலையில் வேறொரு கதவு சாத்தப்பட்டது. கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் பொறியின் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்கு வழங்க ஒப்பந்தம் செய்திருந்த ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் பின்வாங்கியது. பொறிகள் வரும்; அவற்றைச் செய்யும் வகை வராது. குளிரைப் பற்றிய அறிவின் ஒரு கிளை உலகத்துக்கே வலையைத் திறந்துவிட்ட ஆண்டில், இன்னொரு கிளை பூட்டப்பட்டது.

அந்தப் பூட்டைத் திறக்கும் வேலை நம் எல்லையிலேயே நடந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியின் அடிவாரத்தில், மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும் கொண்டு பொறிகள் சோதிக்கப்பட்டன. 2010 ஏப்ரல் 15 அன்று நம் பொறியோடு பறந்த முதல் ஜி.எஸ்.எல்.வி. தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. அதனினும் பெரிய கிரையோஜெனிக் அடுக்கான சி-25 திட்டத்தை வழிநடத்திய வி. நாராயணன் நாகர்கோவிலை அடுத்த மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார். மணலைக் கப்பலேற்றி அனுப்பிய கரை, நூறாண்டு கழித்துக் குளிரைக் கையாளும் கைகளை ஈன்றது. இதில் நாம் மகிழ்வதில் பிழையில்லை.

* * *

ஆனால் மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்துவிட முடியவில்லை.

நாஞ்சில்நாடு குறித்துவைக்கத் தெரியாத நாடன்று. அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஓலைகளில் நிலமும் நீரும் வரியும் கணக்காகியிருக்கின்றன. மனிதர்களை அடிமைகளாக விற்ற செய்தியும் ஒளிவின்றிப் பதிந்திருக்கிறது. அவற்றைத் தேடிப் படியெடுத்தவர் தேரூர்க் கவிமணி. பின்னாளில் நூலாக்கியவர் அ.கா. பெருமாள். அந்த ஓலைகள் இல்லையேல் அந்த அடிமைகள் இருந்த சுவடே நமக்குத் தெரிந்திராது.

மணலுக்கு அத்தகைய ஓலை எங்கே? லெய்டனின் பென்சில் கிறுக்கல் நூறாண்டு காக்கப்பட்டது. செர்னின் விபத்து பக்கம் பக்கமாகப் பதிவானது. கருமணலைக் கூடையில் சுமந்த பெண்களின் பெயர்களை நாம் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. இயற்கையான கதிர்வீச்சு மிகுந்த கேரளத்தின் கருநாகப்பள்ளி வட்டாரத்தில் நடந்த நீண்ட ஆய்வு, புற்றுநோய் அதனால் மிகுதியாகவில்லை என்று 2009இல் தெரிவித்தது. அது கொல்லம் கரையின் கணக்கு. குமரிக்கரை மீனவர்கள் கேட்பது தங்கள் கரையின் கணக்கை. 2024இல் கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் சுமார் 1144 ஹெக்டேரில் அணுக்கனிம மணலை அகழும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது ஊர்மக்களிடம் ஓங்கியது இந்தக் கேள்விதான். அதை அறியாமை என்று ஒதுக்குவோர், விபத்தையும் விவரத்தையும் ஊரறிய வைத்ததே துகள் இயற்பியலுக்கு வலுவூட்டியது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கரையில் எடுக்கப்படும் மணலின் அளவும், காற்றிலும் நீரிலும் உள்ள கதிர்வீச்சும், ஊர்தோறும் நோயின் எண்ணிக்கையும் தமிழில், எவரும் பார்க்கும்படி வைக்கப்படவேண்டும். அதற்கு 27 கிலோமீட்டர் சுரங்கம் வேண்டியதில்லை. 1993இல் எழுதிக்கொடுக்கப்பட்ட வலை போதும், அது இலவசம்.

முக்கடல் முனையில் அடுத்தமுறை பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது மஞ்சள் மணிகளைச் சற்று உற்றுப் பார்ப்போம். கலியாணம் நின்றுபோன கதையைத் தலைமுறைகளாகச் சொல்லிவந்திருக்கிறோம். மணல் போன கதையையும் இனிச் சொல்லத் தொடங்கலாம்.