ஆடு தொடாத இலை

வடக்கே கொக்கிளாய்க் களப்பும் கிழக்கே கடலும் அமைந்த புல்மோட்டை போன்ற ஊர்களில், ஆடு மாடு வாய் வைக்காத செடியே வேலிக்கு உகந்தது. ஆடாதோடை அத்தகையது. ஆடு தொடாத இலை என்பதே பெயரின் பொருள் எனப் பெரியோர் கூறுவர். கைப்பும் ஒருவித நாற்றமும் உடைய இவ்விலையை வாயில்லாப் பிராணி விலக்கிற்று. மனிதன் அதனையே இருமலுக்கு மருந்தாக்கினான். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்தல் வேண்டும். மருந்தை மட்டும் நினைத்து, விலக்கியதை மறந்துவிடுவதே இக்காலத்து வழக்கமாயிற்று.

இப்பெயர் கடல் கடந்த கதை சுவையானது. ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராக 1672இல் இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மான் என்பவர், இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தி, ஊரார் சொன்ன பெயர்களோடு குறித்து வைத்தார். அச்சேகரம் பல ஆண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்து, பின்னர் சுவீடன் தேசத்துத் தாவரவியல் அறிஞர் லின்னேயசின் கைக்கு எட்டிற்று. அதனைக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1753இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டியபோது, இதற்கு ‘ஜஸ்டிசியா ஆடாதோடா’ என்றே பெயரிட்டார். முற்பாதி ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவரின் பெயர்; பிற்பாதி எங்கள் வேலியோரத்துச் சொல்! ஹெர்மானின் அச்சேகரம் இன்றும் இலண்டன் நூதனசாலையில் உளது.

பெயரைத் தொடர்ந்து மருந்தும் சென்றது. உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் இரசாயன நிபுணராயிருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் இவ்விலையிலிருந்து ‘வாசிசின்’ என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். அதனை அடியொற்றி ஜெர்மானியர் ஆக்கிய ‘புரோம்ஹெக்சின்’ 1963இல் விற்பனைக்கு வந்தது. சளியை இளக்கும் அம்மாத்திரையை இன்றும் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகின்றோம்.

எம்மவர் சளி, இருமல், இளைப்பு ஆகியவற்றுக்கு இவ்விலையைக் குடிநீராக்கினர். உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைப்பதும் உண்டு. இளைப்புக்காரருக்குப் புகை கூடாதென்பது இன்று தெளிவாதலால் அதனை நாம் ஒப்புவதற்கில்லை.

குடிநீர் செய்வோர் முதலிற் செடியைச் சரியாக அறிதல் வேண்டும். ஈட்டிமுனை போன்ற நீண்ட இலை, எதிரெதிராக அமைந்திருக்கும். வெண்பூவின் இதழில் ஊதாக் கீற்று ஓடும். பாவட்டையை இதுவெனத் தருவாரும் உளர். ஐயமிருப்பின் வைத்தியரிடம் காட்டுக. திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுவது எமக்கு நல்வாய்ப்பு. தெருப்புழுதி படிந்த இலையும் பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையும் வேண்டா.

வளர்ந்தவருக்கு முற்றிய இலை மூன்று போதும். நன்கு கழுவிக் கிழித்து, இரண்டு கோப்பை நீரிலிட்டு, மெல்லிய தீயில் ஒரு கோப்பையாக வற்றவைத்து வடிகட்டுக. ஆறியபின் சிறிது தேன் சேர்த்து, காலையிலும் மாலையிலும் அரைக் கோப்பை பருகலாம். அன்றன்று காய்ச்சியதே நன்று. மூன்று நாளில் குணமில்லையெனில் நிறுத்திவிடுக. அளவு மிஞ்சினால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும்.

இனிச் சொல்வதைத் தாய்மார் சிறப்பாகக் கேட்க வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆதலால் கருவுற்ற பெண்கள் இதனைத் தொடவே கூடாது. “பச்சிலைதானே, என்ன செய்யும்?” என்று அயலார் சொன்னாலும் மறுத்துவிடுக. பாலூட்டும் தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வைத்தியரைக் கேளாமற் கொடுத்தலாகாது.

முன்னோர் இரத்தங் கக்கும் நோய்க்கும் இதனையே நம்பினர். அவர்களுக்கு வேறு வழியில்லை. காசநோய்க் கிருமியை 1882இற் கொக் கண்டறிந்தார். அதனைக் கொல்லும் ஸ்ரெப்ரோமைசின் 1944இல் அறிவிக்கப்பட்டது. எனவே இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தாலும், சளியில் இரத்தங் கண்டாலும், குடிநீர்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்க. அங்கே சளிப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை.